வாளி தூக்கிய விடுமுறையும் கடல் பார்த்த விடுமுறையும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் தொலைக்காட்சி அரங்கத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? நீர் விளையாட்டுப் பூங்காவா, கடற்கரையா, பேரங்காடியா? இந்த முறை அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அதற்கு முந்திய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டோம். குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய் வருவது என்ற பழக்கம் நம் மக்களிடம் எப்போது வந்தது? அதற்கு முன் பள்ளி விடுமுறையை நம் பிள்ளைகள் எப்படிக் கழித்தார்கள்?

விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிரம்பான் பட்டணத்தின் லோபாக் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஜாலான் லோபாக் தமிழ்ப்பள்ளி இருக்கும் வட்டாரம் அது. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில்தான் கால் வைப்போம். செனவாங், செண்டாயான், லின்சம், பிராட்வெல், அத்தர்டன், சுவா பெத்தோங் என்ற பெயர்கள் பலருக்கும் தெரியும். இவற்றில் சில தோட்டங்களின் பெயர் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலும் வீடமைப்புப் பகுதிகளிலும்தான் மிச்சமிருக்கிறது. இந்தத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் விடுமுறைக் கதைதான் இன்றைய பேச்சு.

பள்ளிக்குத்தான் விடுமுறை

தோட்டத்தில் பள்ளிக்கு விடுமுறை உண்டு. மரத்துக்கு விடுமுறை இல்லை. விடியுமுன் பெரட்டு, பேர் பதிந்ததும் ஆளுக்கொரு நிரை. வெயில் ஏறுவதற்குள் சீவி முடித்து, பால் வடிந்து நின்றதும் மங்கு மங்காக வாளியில் ஊற்றி, பால் கொட்டகையில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். இறங்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் வேலைக்குப் போகாமல் இருந்தால் அன்று அந்த வீட்டுக்கு இரண்டு பேர் வருமானம் போய்விடும்.

அப்படியானால் விடுமுறையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சின்னதுகள் ஆயாக் கொட்டகையில். சற்றுப் பெரியவர்கள் அம்மாவோடு நிரைக்குப் போவார்கள். மங்கு துடைப்பது, முதல் நாள் காய்ந்த கோட்டுப்பாலை இழுத்துச் சேர்ப்பது, வாளி தூக்குவது எல்லாம் அவர்கள் வேலை. 1966ஆம் ஆண்டில் சிறார், இளையோர் வேலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைப்பதற்கு அது கட்டுப்பாடு விதித்தது. ஆனால் அம்மாவுக்குக் கூடமாட உதவும் பிள்ளையின் பெயர் செக்ரோலில் இருக்காது. கணக்கில் இல்லாத பிள்ளையைச் சட்டம் எப்படிப் பார்க்கும்?

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் நீண்ட பள்ளி விடுமுறை பல்லாண்டுகளாக நவம்பர், டிசம்பரில்தான் வந்தது. அதுவோ மழைக்காலம். பட்டை நனைந்தால் மரம் சீவ முடியாது. சீவிய பிறகு மழை கொட்டினால் மங்கில் இருக்கும் பாலும் போய்விடும். ஆக, பிள்ளைகள் வீட்டில் இருந்த மாதங்களில்தான் பெற்றோரின் வேலை நாள் குறைந்தது, வருமானமும் குறைந்தது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிரும் காலத்திலும் இதே நிலைதான், பால் சுண்டிவிடும். கையில் நேரம் இருந்தபோது காசு இல்லை. காசு வந்தபோது நேரம் இல்லை. "எங்கள் காலத்தில் எங்கேயம்மா போனோம்?" என்று பாட்டிமார் கேட்பதை ஏதோ ஆசையில்லாதவர்களின் பேச்சாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அது நாள் சம்பளத்தின் கணக்கு.

ஆலைத் தொழிலாளி கடற்கரைக்குப் போன கதை

உழைக்கும் மக்கள் குடும்பத்தோடு உல்லாசமாகப் போய் வருவது உலகத்துக்கே புதிய பழக்கம்தான். 1841ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குத் தாமஸ் குக் என்பவர் ஒரு ரயிலை ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய 500 பேர் போனார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங். அது மதுவிலக்குப் பிரசாரக் கூட்டத்துக்கான பயணம். அந்த ஒரு நாள் பயணத்திலிருந்துதான் அவருடைய பயண நிறுவனம் வளர்ந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களிலோ ஆண்டுக்கொருமுறை ஆலைகளை மொத்தமாக மூடுவார்கள். இயந்திரம் பழுது பார்க்கப்படும்; ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும்.

இயந்திரத்தை நிறுத்தி வைக்கலாம். ரப்பர் மரத்தை அப்படிச் செய்ய முதலாளிக்கு மனம் வராது. ஆலையை ஒரு வாரம் மூடிய வெள்ளைக்காரர், தோட்டத்தை ஒரு வாரம் மூடியதில்லை.

ஆனால் கடற்கரைக்கு ரயில் மட்டும் இங்கே வெகு சீக்கிரமே வந்துவிட்டது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1891இல், சுங்கை ஊஜோங் ரயில் கம்பெனி சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்தது. சுமார் 39 கிலோமீட்டர் தூரம். ஈயத்தையும் தோட்ட விளைச்சலையும் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அந்தப் பாதையின் நோக்கம். 1908இல் அது கூட்டரசு மலாய் மாநில ரயில்வேயின் கைக்கு மாறியது. போர்ட்டிக்சன் கடற்கரையில் அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்கும் ஓய்வு பங்களாக்கள் எழுந்தன.

ரயில் ஓடியது தோட்டங்களின் ஓரமாகத்தான். ரயில் சத்தம் லயத்து வீடுகளுக்குக் கேட்டது. கடல் ஒரு மணி, இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருந்தது. தூரத்தால் தடைபட்ட பயணம் அல்ல இது. ஒரு நாள் கூலியை விட முடியாததால் தடைபட்டது.

"ஊருக்குப் போவது"

அப்படியானால் நம் முன்னோர் பயணமே போனதில்லையா? போனார்கள். அவர்களுக்குப் பயணம் என்றால் ஒன்றுதான்: ஊருக்குப் போவது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பினாங்கிலிருந்து கப்பல். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்கள் முகம் மாறும். பல ஆண்டுச் சேமிப்பு அந்த ஒரு பயணத்தில் கரையும். 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. பிறகு போர், ஜப்பானியர் ஆட்சி, சயாம் மரண ரயில். ஊருக்கும் தோட்டத்துக்கும் இருந்த போக்குவரத்து அறுந்தது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. குடியுரிமை பெற்றவர்களுக்கு 'ஊர்' என்ற சொல்லின் பொருளே மெல்ல மாறியது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் அதன் பிறகுதான் வளர முடிந்தது.

உள்ளூரில் குடும்பத்தோடு போகும் ஒரே நாள் திருவிழா நாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஒன்று, தைப்பூசம் இன்னொன்று. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. வேண்டுதல் என்று சொன்னால் யாரும் தடுக்க மாட்டார்கள். கங்காணியிடம் கடல் பார்க்கப் போகிறேன் என்று விடுப்புக் கேட்க முடியுமா? காவடி எடுக்கிறேன் என்று கேட்கலாம். அந்த வாய்ப்பில்தான் பிள்ளைகள் பட்டணம் பார்த்தார்கள், ராட்டினம் ஏறினார்கள், பொம்மை வாங்கினார்கள். நம் மக்கள் கோயிலுக்குத்தான் போவார்கள், வேறெங்கும் போகத் தெரியாது என்று சிலர் குறை சொல்வதுண்டு. கோயில் அவர்களுக்குச் சாமியையும் தந்தது, விடுமுறையையும் தந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சோற்றுப் பொட்டலம் குற்றமான காலம்

அடுத்ததாக ஒரு காலக்கட்டம். இன்றைய பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 அன்றுதான் முடிந்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஒதுக்குப்புறங்களில் இருந்தவர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களில் சிதறியிருந்த லயங்கள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. ஊரடங்கு, வாசலில் சோதனை.

காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்பதற்காகக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. பல பகுதிகளில் வேலிக்கு வெளியே சமைத்த சோற்றைக்கூடக் கொண்டு போகத் தடை. விடியற்காலையில் மரம் சீவப் போகும் தொழிலாளி, வேலை முடித்து வேலிக்குள் திரும்பிய பிறகுதான் சாப்பிட முடியும். தூக்குச்சட்டியில் சோறு இருந்தால் வழக்கு.

எண்ணிப் பாருங்கள். இன்று நாம் வெளியே புறப்பட்டால் முதலில் தயாராவது புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். காரின் பின்புறம் நிறைய சாப்பாட்டுப் பொருள்தான். 'வெளியே காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடலாமே, இதையெல்லாம் ஏன் சுமக்க வேண்டும்?' என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். சோறு கட்டிக்கொண்டு குடும்பமாக ஓரிடத்துக்குப் போய், மர நிழலில் பாய் விரித்து, பயமில்லாமல் சாப்பிடுவது என்பது ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டு, கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. பின்னர் மற்ற இடங்களும் படிப்படியாக விடுபட்டன. அந்தப் புளிச்சோற்றுப் பொட்டலத்துக்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது.

லோரியில் வந்த கடல்

1954இல் பல தொழிற்சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் தலைவர்களில் முதன்மையானவர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, சம்பளத்தோடு பொது விடுமுறை, சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு ஆகியவை 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தாலும் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தங்களாலும் நிலைபெற்றன. சம்பளத்தோடு விடுப்பு என்ற அந்த ஒரு சொற்றொடர்தான் கடற்கரைக்குக் கதவைத் திறந்தது. கூலி போகாமல் ஒரு நாள் வீட்டில் இருக்கலாம் என்றானபோதுதான், அந்த ஒரு நாளை எப்படிச் செலவிடுவது என்ற கேள்வியே பிறக்கிறது.

நெகிரி செம்பிலான் தோட்டப்புற மக்களுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான்: போர்ட்டிக்சன். எங்கள் அரங்கத்தில் பேசிய பெரியவர்கள் பலரும் அந்த நாளை ஒரே மாதிரிதான் நினைவுகூர்கிறார்கள். தோட்டத்து லோரி, அல்லது கோயில் குழுவோ இளைஞர் மன்றமோ காசு வசூலித்துப் பிடித்த வாடகைப் பேருந்து. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. விடியற்காலையில் சமையல். தெலுக் கெமாங் கடற்கரையில் சேலையோடு கடலில் இறங்கிய அம்மாக்கள். நீச்சல் தெரியாததால் முழங்கால் தண்ணீரோடு நின்றுவிட்ட அப்பாக்கள். மாலையில் மணலோடு மணலாகத் தூங்கிப்போன பிள்ளைகளைத் தூக்கி லோரியில் ஏற்றியது. மறுநாள் விடியுமுன் மீண்டும் பெரட்டு.

அந்த நாளில் லயமே ஒன்றாகப் போனது. குடும்ப உலா என்று நாம் இன்று சொல்வது அப்போது தோட்டத்து உலா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு இல்லையென்றால் யாராவது போட்டுக் கட்டுவார்கள். விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

பட்டணத்துக்கு வந்த பிறகு

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியே தள்ளியது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன் பிறகு தோட்டங்களே தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. செனவாங்கில் தொழிற்சாலைகள், நீலாயில் புதிய நகரம். லோபாக், ராஹாங் போன்ற இடங்களில் வாடகை வீடு எடுத்தவர்கள் தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குப் போனார்கள். மாதச் சம்பளம் வந்தது. மோட்டார் சைக்கிளும் காரும் வந்தன. 1963இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் தேசிய மிருகக்காட்சி சாலையும் தேசிய அரும்பொருளகமும் திறக்கப்பட்டிருந்தன. 1993இல் சன்வே லகூன் வந்தது. 1995இல் கோமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. சிரம்பானிலிருந்து தலைநகர் போய் வருவது எளிதானது. 1891இல் திறந்த போர்ட்டிக்சன் பாதையிலோ இன்று ரயில் ஓடுவதில்லை.

போகும் இடங்கள் பெருகின. சேர்ந்து போகும் ஆட்கள் குறைந்தார்கள். லோரி நிறையப் போன இடத்துக்கு ஒரு காரில் நால்வர் போகிறோம். பாட்டி வீட்டில் இருக்கிறார், கால் வலி என்று. உள்ளே போக ஆளுக்கு இவ்வளவு என்று சீட்டு வாங்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்!

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இன்றைய சட்டப்படி ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு, 2 முதல் 5 ஆண்டு வரை 12 நாள், 5 ஆண்டுக்கு மேல் 16 நாள். இவை குறைந்தபட்ச அளவு. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. நல்லது. ஆனால் குத்தகை ஆளாகத் துப்புரவு வேலை செய்பவர், நாள் கணக்கில் கட்டுமானத்துக்குப் போகிறவர், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு சேர்ப்பவர் ஆகியோருக்கு ஓடினால்தான் காசு. பெரட்டுக்குப் பதிலாகக் கைப்பேசி மணி அடிக்கிறது. மற்றபடி அது தாத்தாவின் நாள் சம்பளம்தான். பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை, அப்பாவுக்கு இல்லை. அன்று அந்தப் பிள்ளை அம்மாவோடு நிரைக்காவது போனது. இன்று அடுக்குமாடி வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு கைப்பேசியோடு இருக்கிறது. இதில் எது மோசம் என்று அரங்கத்தில் ஒரு மணி நேரம் வாதாடினோம். முடிவுக்கு வர முடியவில்லை.

செலவு குறைவு, சேதி அதிகம்

என்ன செய்யலாம்? கையில் காசு குறைவாக இருக்கும் குடும்பங்களுக்கும் இந்த மாநிலத்தில் போக இடம் உண்டு. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில் லுக்குட் இருக்கிறது. 1847இல் ராஜா ஜுமாஅத் கட்டிய கோட்டையின் மிச்சத்தை அங்கே பார்க்கலாம். ஈயம் இந்த வட்டாரத்தை எப்படி உருவாக்கியது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்லலாம். அதைத் தாண்டினால் தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் கடற்கரையில் இருந்தாலும் அது மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான இடம். 1863இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. 1606இல் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் அந்த முனைக்கு அருகே கடலில் மோதினார்கள். மார்ச் மாதத்தில் போனால் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளை வானத்தில் பார்க்கலாம். மலை வேண்டுமென்றால் கோலப்பிலா சாலையில் ஊலு பெண்டுல். அங்சி மலையடிவாரத்து ஆற்றுத் தண்ணீரில் பிள்ளைகள் குளிக்கலாம்.

இவற்றுக்கு முன் ஓரிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ வேலை செய்த தோட்டம். லயம் இடிந்திருக்கும், வீடமைப்புப் பகுதி வந்திருக்கும். ஆனாலும் கோயிலோ ஒரு பழைய மரமோ பள்ளியின் பெயர்ப்பலகையோ ஏதாவது ஒன்று இருக்கும். பாட்டியைக் காரிலிருந்து இறக்கி, எந்த இடத்தில் பெரட்டு, எந்தப் பக்கம் பால் கொட்டகை என்று காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யட்டும். அந்தக் கருவிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். அடுத்த விடுமுறை வரை காத்திருக்கும் சேதி அல்ல இது.

2022இல் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளி ஆண்டுத் தொடக்கம், 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்திருக்கிறது. ஆண்டு முடிவு விடுமுறை பழையபடி மழைக்காலத்தோடு சேர்கிறது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி நாட்காட்டி கைக்கு வந்த அன்றே உங்கள் விடுப்புப் பாரத்தை எடுங்கள். உங்களுக்குரிய விடுப்பில் ஒரு நாளையாவது பிள்ளைகளின் விடுமுறைக்குள் எழுதி வையுங்கள். சம்பளத்தோடு கூடிய அந்த ஒரு நாளுக்காக முந்திய தலைமுறை சங்கம் கட்டிப் போராடியது. அதை வீணாக்காதீர்கள். விடுப்பே இல்லாத வேலையில் இருப்பவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அன்றைய லோரியில் அப்படித்தான் போனோம்.